வேலம்மா சிரித்த கதை

ஏழாங்கட்டை ரப்பர் தோட்டத்தில் ஒரு காலத்தில் வேலம்மாவின் சிரிப்புக்குத் தனி மரியாதை இருந்தது. பால் வெட்டுக்குப் போனவர்களில் யார் எந்த நிரையில் நிற்கிறார்கள் என்று கங்காணி வேலை பார்க்கும் மண்டோர் அப்பளசாமி சைக்கிளை உருட்டிக்கொண்டு காடெல்லாம் அலைவார். வேலம்மாவை மட்டும் தேட வேண்டியதில்லை. சைக்கிளை நிறுத்திவிட்டு ஒரு நிமிடம் காது கொடுத்தால் போதும், எங்கேயோ நாலு நிரை தள்ளி அவள் சிரிப்பது கேட்கும். சிரிக்கப் பெரிய காரணம் எதுவும் வேண்டாம். குரங்கு ஒன்று பால் வடியும் மங்குக் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினால் சிரிப்பாள். அப்பளசாமியே சேற்றில் வழுக்கி விழுந்தபோது, முதலில் வயிறு வலிக்கச் சிரித்துவிட்டு அப்புறம்தான் கைகொடுத்துத் தூக்கினாள். மண்டோருக்குக் கோபம் வரவில்லை. அந்தச் சிரிப்பைக் கேட்டு யாருக்கும் கோபம் வந்ததில்லை.

எழுபத்தேழாம் வருடம் அந்தச் சிரிப்பு நின்றுபோனது. ஐந்தாவது பிள்ளை பிறந்த வருடம் அது.

தோட்டத்துச் சனம் சும்மா இருக்குமா? புருஷன் காளியண்ணன் அவளைக் கைநீட்டி அடிக்கிறார் என்றார்கள். காளியண்ணன் கொசுவை அடிக்கவே யோசிக்கிறவர். வேலம்மாவுக்குத் தலைக்கனம் வந்துவிட்டது, கோயிலுக்குக்கூட வருவதில்லை என்றார்கள். யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள் என்று சொன்னவர்களும் உண்டு. இவ்வளவு யோசித்தவர்களில் ஒருவருக்காவது அவளிடம் நேரே போய், "என்னாச்சு வேலம்மா?" என்று கேட்கத் தோன்றவில்லை. கேட்டிருந்தாலும் அவள் சொல்லியிருக்க மாட்டாள், அது வேறு விஷயம்.

விஷயம் இதுதான். சிரித்தால் அவளுக்குச் சிறுநீர் கசிந்துவிடும். இருமினாலும், தும்மினாலும், பால் வாளியைத் தூக்கினாலும் அப்படியே. ஐந்தாவது பிள்ளை ஒன்பது ராத்தல். இரண்டு நாள் பாடுபடுத்திவிட்டுத்தான் வெளியே வந்தது. நாற்பதாம் நாள் அவள் மறுபடியும் காண்டாக் கம்பைத் தோளில் வைத்து, முன்னும் பின்னும் வாளி தொங்க, பால் சுமக்கப் போய்விட்டாள். மற்ற நான்கு பிள்ளைகளுக்கும் அப்படித்தான் போனாள், ஒன்றும் ஆகவில்லை. இந்தத் தடவை ஆகிவிட்டது. போகப்போக இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. தண்ணீர் விழும் சத்தம் கேட்டாலே அடக்க முடியாமல் முட்டும். குழாயைத் திறந்தால் போதும், கக்கூசுக்கு ஓட வேண்டும். பாதி நாள் ஓடியும் பிரயோசனம் இருக்காது.

ஒன்பது வருடம் இதை அவள் ஒருத்தருக்கும் தெரியாமல் மறைத்தாள். வெட்டுக்காட்டில் மறைப்பது சுலபம். பால்வெட்டுக்காரியின் உடுப்பில் பால் தெறித்துக் காய்ந்து, அதன்மேல் மறுபடி தெறித்து, அதற்கென்றே ஒரு நாற்றம் இருக்கும். அந்த நாற்றத்துக்கு முன்னால் வேறெந்த வாசனையும் எடுபடாது. ஆகவே உலகத்தில் அவள் பயமில்லாமல் நடமாடிய ஒரே இடம் அந்த ரப்பர் காடுதான். சேலை கட்டிப் போக வேண்டிய இடங்களைத்தான் ஒவ்வொன்றாக விட்டாள். முதலில் கோயில் போனது. அப்புறம் படம் பார்க்கப் போவது, பஸ் ஏறிச் சொந்தக்காரர் வீட்டுக்குப் போவது, தீமிதித் திருவிழா. விடிகாலையில் கோப்பி மட்டும் குடிப்பாள், பிறகு பால் நிறுத்து முடியும்வரை ஒரு வாய் தண்ணீர் குடிக்க மாட்டாள். வயிற்றைச் சுற்றித் துண்டை இறுக்கக் கட்டிக்கொள்வாள். சிரிப்பு வந்தால் பல்லைக் கடித்துக்கொள்வாள். பெற்ற பிள்ளை முன்னாலும் அப்படித்தான். இதை எழுதும்போதே எனக்கு அவள்மேல் கோபமும் பாவமும் சேர்ந்து வருகிறது.

எண்பத்தாறாம் வருடம் வைகாசியில் மூத்த மகள் திலகத்துக்குக் கல்யாணம் நிச்சயமானது. திலகம் ரவாங்கில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் வேலை செய்துகொண்டு, அங்கேயே விடுதியில் தங்கியிருந்தாள். சனிக்கிழமை வீட்டுக்கு வருவாள். மாப்பிள்ளை சேதுவும் அதே தொழிற்சாலைதான், பத்தாங் காலிக்காரன். பிள்ளைகள் இரண்டும் தாங்களாகப் பார்த்துப் பிடித்துப்போய்ச் சொன்னார்கள், பெரியவர்கள் தலையாட்டினார்கள். ஆவணி கடைசியில் பத்தாங் காலிக் கோயில் மண்டபத்தில் கல்யாணம் என்று முடிவாயிற்று.

பேச்செல்லாம் நல்லபடியாக முடிந்து வெற்றிலை போடும் நேரத்தில் வேலம்மா ஒரு குண்டைப் போட்டாள். தாரை வார்க்கத் தன்னால் உட்கார முடியாது, முதுகு வலி, காளியண்ணனின் அண்ணன் உடையப்பனும் அவர் சம்சாரமும் உட்காரட்டும் என்றாள்.

தாரை வார்ப்பது என்றால் என்ன என்று வாசிப்பவர்களுக்குத் தெரியும். அப்பன் மகளின் கையைப் பிடித்து மாப்பிள்ளையின் கையில் வைப்பான். ஆத்தாக்காரி கெண்டியிலிருந்து அந்தக் கைகளின்மேல் தண்ணீர் ஊற்றுவாள். கீழே தாம்பாளத்தில் தண்ணீர் விழும் சத்தம் கேட்கும். முந்நூறு பேர் அவளையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். பட்டுச்சேலை வேறு. வேலம்மா அந்தச் சத்தத்தை நினைத்தாள், அந்தச் சேலையை நினைத்தாள், அவ்வளவுதான். பெரியம்மாவே ஊற்றட்டும்.

திலகம் வெற்றிலைத் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். மறுநாள் ரவாங்குக்குப் புறப்படும்போது செருப்பை மாட்டிக்கொண்டே, "பெத்தவ இருக்கறப்ப பெரியம்மா ஏம்மா தண்ணி ஊத்தணும்?" என்று மட்டும் கேட்டாள். வேலம்மா மறுபடியும் முதுகு வலி என்றாள். அதற்கப்புறம் மூன்று சனிக்கிழமை திலகம் வீட்டுக்கு வரவில்லை. தான் தேடிக்கொண்ட மாப்பிள்ளை அம்மாவுக்குப் பிடிக்கவில்லை என்று அவள் நினைத்துக்கொண்டாள் என்பது பின்னால்தான் தெரிந்தது.

பொய்யாகச் சொன்ன முதுகு வலி ஒரு வேலை செய்தது. காளியண்ணன் அதை நிஜமென்று நம்பி, அல்லது நம்புவதுபோல் நடந்து, அவளைக் கோல சிலாங்கூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். காளியண்ணன் தோட்டத்துப் பால் லோரி ஓட்டுகிறவர். அதிகம் பேச மாட்டார். பகலெல்லாம் அவர் வாய் திறந்து சொல்வது லோரி நம்பர் ஒன்றைத்தான். ஒவ்வொரு கேட்டிலும் காவல்காரன் தலையைத் தூக்கிப் பார்ப்பான், இவர் "பி ஏ சி நாலு நாலு ஒண்ணு ஏழு" என்பார், கேட் திறக்கும். தூக்கத்தில் தட்டி எழுப்பினாலும் அதைத்தான் சொல்வார் என்று பிள்ளைகள் கேலி செய்வார்கள்.

டாக்டர் முதுகைத் தட்டிப் பார்த்துவிட்டு, வியாழக்கிழமை உடற்பயிற்சிச் சிகிச்சைக்கு ஒரு மிஸ்ஸி வரும், அதனிடம் காட்டு என்று எழுதிக் கொடுத்தார். ஆஸ்பத்திரிப் பெண்களைத் தோட்டத்துச் சனம் மிஸ்ஸி என்றுதான் சொல்லும்; இந்த மிஸ்ஸியின் பெயர் மவுரீன். இஜோக் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் மருந்து கொடுக்கும் டிரெஸராக இருந்த லியோனார்ட்டின் மகள். இங்கிலாந்தில் படித்துவிட்டு வந்தவள் என்றாலும், தொழிலாளர் குடியிருக்கும் லயத்துப் பிள்ளைகளோடு புழுதியில் விளையாடி வளர்ந்தவள். நடை வேகம், பேச்சு நிதானம். வேலம்மாவைக் குனியச் சொன்னாள், நிமிரச் சொன்னாள், படுக்கவைத்துக் காலைத் தூக்கிப் பார்த்தாள். முதுகில் பெரிதாக ஒன்றுமில்லை. வயிற்றில் இறுக்கிக் கட்டியிருந்த துண்டைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"அக்கா, ஒண்ணு கேக்கறேன், தப்பா எடுத்துக்காதீங்க. இருமினா தும்மினா ஒண்ணுக்கு சொட்டுதா?"

வேலம்மாவுக்கு முகம் செத்துப்போயிற்று. "ஒங்களுக்கு யாரு சொன்னா?" என்றாள்.

"யாரும் சொல்லல. அஞ்சு புள்ள பெத்திருக்கீங்க, இருபது வருஷமா காண்டா தூக்கறீங்க. ஒங்கள மாதிரி எத்தன பேரு இந்த நாக்காலில ஒக்காந்திருக்காங்க தெரியுமா? ஒருத்தரும் தானா சொல்றதில்லலா. நாந்தான் கேக்கணும்."

அழக்கூடாது என்றுதான் வேலம்மா நினைத்தாள். ஒன்பது வருடம் யாரும் கேட்காத கேள்வியை ஒரு சின்னப் பெண் கதவைச் சாத்திவிட்டுக் கேட்டால் எப்படி அழாமல் இருப்பது? அழுது முடித்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு வேலம்மா எல்லாவற்றையும் சொன்னாள். சிரிப்பு, குழாய்ச் சத்தம், கோயில், கெண்டி, தாரை வார்ப்பது, திலகம் செருப்பு மாட்டியது. எப்போது கல்யாணம் என்று மவுரீன் கேட்டாள். இன்னும் பதின்மூன்று வாரம். போதும் என்றாள் மவுரீன், ஆனால் சொன்னதைச் சொன்னபடி செய்ய வேண்டும்.

வயிற்றுக்கு அடியில் ஒரு தசை இருக்கிறது, மூத்திரப்பை, கர்ப்பப்பை எல்லாவற்றையும் கீழேயிருந்து தாங்குவது அதுதான் என்று விளக்கினாள். பிள்ளைத் தொட்டில் கட்டும் சாரோங் துணி மாதிரி. ஐந்து பிள்ளையைத் தாங்கித் தாங்கித் தொய்ந்துவிட்டது, பழக்கினால் திரும்பவும் விறைக்கும். அது எங்கே இருக்கிறது, வேலம்மா சரியாகத்தான் இறுக்குகிறாளா என்று கையுறை போட்டு விரலால் பார்க்க வேண்டும், சம்மதமா, வேண்டாம் என்றால் விட்டுவிடலாம் என்றாள். ஐந்து பிரசவத்திலும் யாரும் வேலம்மாவிடம் சம்மதம் கேட்டதில்லை. அந்த ஆச்சரியத்திலேயே சரி என்றுவிட்டாள். முதல் நாலு தடவை அவள் வயிற்றை எக்கினாள், பிட்டத்தை இறுக்கினாள், மூச்சைப் பிடித்தாள். ஐந்தாவது தடவை, "இதான்க்கா, இதேதான்" என்றாள் மவுரீன். உள்ளே மேல்நோக்கி ஏதோ சுருங்கிய மாதிரி இருந்தது. இத்தனை வருடம் உடம்போடு ஒட்டியிருந்த ஒன்று, இன்றைக்குத்தான் அறிமுகம்.

கணக்கு இது: ஐந்து எண்ணும்வரை இறுக்க வேண்டும், பத்து எண்ணும்வரை விட வேண்டும். ஒரு வேளைக்குப் பத்து, நாளைக்கு மூன்று வேளை. மூச்சைப் பிடிக்கக் கூடாது. தண்ணீர் குடிக்க வேண்டும், கோப்பியைக் குறைக்க வேண்டும், வயிற்றுத் துண்டை அவிழ்த்துப் போட வேண்டும். மேலே இறுக்கினால் கீழேதான் பிதுங்கும். மூன்று வாரம் கழித்து வரச் சொன்னாள்.

இங்கேதான் வேலம்மா ஒரு காரியம் செய்தாள். பால்வெட்டுக்காரி ஒருத்தியைத் தவிர வேறு யாருக்கும் அது தோன்றியிருக்காது. நாளைக்கு முப்பது தடவை செய்து பதின்மூன்று வாரத்தில் எப்படிச் சரியாகும் என்று யோசித்தாள். அவள் வெட்டில் நானூற்று எண்பது மரம். ஒவ்வொரு மரத்திலும் உளியை வைத்துப் பட்டையைச் சீவ எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் இறுக்கினால்? மரத்துக்கு ஒன்று. மறக்கவும் மறக்காது, எண்ணவும் வேண்டாம். மறுநாளே ஆரம்பித்துவிட்டாள். முதல் மரத்தில் பிடித்து, சீவி முடித்து, அடுத்த மரத்துக்கு ஓடும்போதே மறுபடி பிடித்து, கடைசி மரம்வரை விட்டாளில்லை. தன் கெட்டிக்காரத்தனத்தை நினைத்து அவளுக்கே பெருமையாக இருந்தது.

முதல் வாரம் ஒன்றும் தெரியவில்லை. இரண்டாம் வாரம் இடுப்புக்குக் கீழே வலி எடுத்தது. மூன்றாம் வாரம், பால் நிறுக்கும் கொட்டகை வாசலில், எல்லோர் முன்னாலும், வாளியை இறக்கும்போது கால்வழியே ஓடியது. வேலம்மா கையிலிருந்த பாலைக் காலில் கொட்டிக்கொண்டு, கைதவறிவிட்டது என்றாள். பாலைக் கொட்டியதற்கு அப்பளசாமி கத்தினார். அவரைக் கத்தவிட்டு நின்றாள்.

வியாழக்கிழமை அவள் ஆஸ்பத்திரிக்குப் போனது சண்டை போடத்தான். ஒங்க பயிற்சி எனக்கு வேண்டாம் மிஸ்ஸி, இருந்ததும் போச்சு என்றாள். மவுரீன் பேனாவை எடுத்துக்கொண்டு, நாளைக்கு எத்தனை தடவை செய்தீர்கள் என்று கேட்டாள்.

"மரத்துக்கு ஒண்ணு."

"எத்தன மரம்?"

"நானூத்தி எம்பது."

மவுரீன் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். சிரிக்கக் கூடாது என்று அவள் பட்ட பாடு முகத்தில் தெரிந்தது. ஜன்னல் பக்கம் திரும்பி ஒரு தடவை மூச்சு விட்டுவிட்டு, அப்புறம் கேட்டாள்.

"அக்கா, அந்த நானூத்தி எம்பது மரத்தயும் தெனமும் வெட்டுவீங்களா?"

இதென்ன கேள்வி என்பதுபோல் வேலம்மா பார்த்தாள். ஒருநாள் இந்த வெட்டு, மறுநாள் அந்த வெட்டு. மரத்துக்கு ஒருநாள் விட்டு ஒருநாள்தான் உளி. தினமும் வெட்டினால் பட்டை காய்ந்து, அப்புறம் எத்தனை சீவினாலும் சொட்டுப் பால் வராது. டிரெஸர் மகளுக்கு இதுகூடத் தெரியாதா?

"தெரியும்லா," என்றாள் மவுரீன். "மரத்துக்கு நீங்க லீவு குடுக்கறீங்க. ஒங்க ஒடம்புக்கு ஏங்க்கா குடுக்க மாட்டேங்கறீங்க?"

பத்து வயதில், தோட்டத்துப் பிள்ளைகளை விட்டுப்போகும் ஆயாக் கொட்டகையில் தம்பிகளைப் பார்த்துக்கொண்டதிலிருந்து இன்றுவரை, விடுவதும் ஒரு வேலை என்று யாரும் அவளுக்குச் சொன்னதில்லை. சண்டை போட வந்தவள் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள்.

அன்றைக்கு மவுரீன் முழுதாக விடுவதற்குத்தான் பழக்கினாள். மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, மூச்சை உள்ளே இழுக்கும்போது கீழே எல்லாம் தளர வேண்டும். வேலம்மாவுக்கு இறுக்குவதைவிட அது கஷ்டமாக இருந்தது. அப்புறம் ஒரு வாளியில் மணலை நிரப்பி, தூக்கச் சொன்னாள். வேலம்மா வழக்கம்போல மூச்சைப் பிடித்து, ம் என்று ஒரு முக்கு முக்கித் தூக்கினாள். அங்கேதான் கோளாறு. தூக்குவதற்கு முன்னால் கீழே இறுக்கு, மூச்சை வெளியே விட்டுக்கொண்டே தூக்கு. தும்மல் வந்தாலும் முதலில் இறுக்கு, அப்புறம் தும்மு; சிரிப்பும் அப்படித்தான். ஒண்ணுக்கு முட்டினால் ஓடாதே. ஓடினால் அது துரத்தும். நின்ற இடத்தில் நின்று, நாலைந்து தடவை சட்டுச் சட்டென்று இறுக்கிவிடு, அது தணியும், தணிந்த பிறகு பதவிசாக நடந்து போ. பத்து வாரம் பாக்கி இருந்தது.

தண்ணீர்ச் சத்தத்துக்குப் பழக்கம் வேண்டும் என்று மவுரீன் சொன்னதற்கு வேலம்மா குழாயடியைத் தேர்ந்தெடுத்தாள். லயத்தில் சாயங்காலம் ஒரே குழாயில் இருபது வாளி வரிசையில் நிற்கும். அவள் வரிசையில் நின்று, தன் முறை வந்ததும் அடுத்தவளை முன்னால் விட்டுவிட்டு, குழாய்க்குப் பக்கத்திலேயே நின்று தண்ணீர் விழுவதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். முதல் வாரம் இரண்டு தடவை காலி வாளியோடு வீட்டுக்கு ஓடினாள். இரண்டாம் வாரம் ஓடவில்லை. நாலாம் வாரம் ஐந்து வாளி நிரம்பும்வரை நின்றாள். வேலம்மா மாதிரி விட்டுக்கொடுக்கிற மனசு யாருக்கு வரும் என்று தோட்டத்துச் சனம் பேசிக்கொண்டது. தலைக்கனம் என்று சொன்ன அதே வாய்கள்தான்.

ஆடி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பின்கட்டிலிருந்து கக்கூசுக்குப் போகும் வழியில் போட்டிருந்த பலகை ஒன்று உளுத்துப்போய், காளியண்ணன் புதுப்பலகை அடித்துக்கொண்டிருந்தார். மழைக்குச் சேறாகிறது என்று எழுபத்தெட்டில் அவர் போட்ட பாதை. அந்த லயத்தில் வேறெந்த வீட்டுக்கும் அப்படி ஒன்று கிடையாது. கூடவே ஒரு கைவிளக்கும் ஆணியில் தொங்கும். வேலம்மா அரிசி களைந்துகொண்டே பார்த்தவள், சட்டென்று கையை நிறுத்திவிட்டாள்.

"என்னாங்க, ஒங்களுக்குத் தெரியுமா?"

காளியண்ணன் என்ன ஏது என்று கேட்கவில்லை. ஆணியை வாயிலிருந்து எடுத்துவிட்டு, "தெரியும்," என்றார். "கேட்டா நீ வெக்கப்படுவ." பிறகு மறுபடியும் குனிந்து அடிக்கத் தொடங்கினார். ஒன்பது வருடமாக அவர் படம் பார்க்கப் போகலாமா என்று ஒரு தடவைகூட அவளைக் கேட்டதில்லை என்பதும், பஸ்ஸில் போக வேண்டிய சாவுக்கெல்லாம் தான் மட்டும் போய்வந்ததும் அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. இந்த மனிதரைப் போய் அடிக்கிறார் என்றார்களே.

கல்யாணத்துக்கு இரண்டு வாரம் முன்னால் திலகம் அம்மாவுக்குச் சேலை எடுத்துக்கொண்டு வந்தாள். சந்தன நிறப் பட்டு. வேலம்மா அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, பழக்கதோஷத்தில், வேறே அடர்த்தியான கலர் கிடைக்கவில்லையா என்றாள். திலகத்துக்கு அதற்குமேல் பொறுக்க முடியவில்லை. ஒனக்கு என் மாப்பிள்ளையப் பிடிக்கல, அதான் மணவறைப் பக்கமும் வரமாட்டேங்கற, சேலையும் பிடிக்கலேங்கற என்று குரல் உடைந்து சொல்லிவிட்டாள்.

வேலம்மா மகளை உட்காரவைத்தாள். மவுரீன் செய்ததுபோல எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தாள். சுற்றி வளைக்காமல் சொன்னாள்.

திலகம் சேலையை மடித்து ஓரமாக வைத்தாள். "நான் ஸ்கூல்ல பரிசு வாங்கனப்ப வராதது?"

"இதான்."

"தீமிதிக்கு?"

"இதான்டி."

"ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமேம்மா," என்று மகள் அம்மாவின் மடியில் தலையை வைத்துக்கொண்டாள். வேலம்மா அவள் தலையைக் கோதிவிட்டாள். மாப்பிள்ளையைப் பிடித்திருக்கிறது, அவனும் உங்கப்பா மாதிரியே பேசத் தெரியாத ஆள் என்றாள். பிறகு, கெண்டியைத் தானே எடுக்கப்போவதாகச் சொன்னாள். ஒருவேளை அங்கே ஏதாவது ஆகிவிட்டால் என்று அவள் ஆரம்பிக்க, "ஆனா ஆவட்டும்லா, நீதான் ஊத்தணும்," என்று முடித்துவிட்டாள் மகள். உடையப்பன் அதற்குள் மணவறையில் உட்காரப் பட்டு வேட்டி வாங்கியிருந்தார். அவரைச் சமாதானப்படுத்துவது தனிக் கதை.

கல்யாணத்தன்று தோட்டத்துப் பள்ளிக்கூட பஸ்ஸை அமர்த்திக்கொண்டு புறப்பட்டார்கள். பத்தாங் காலிக்கு இரண்டரை மணி நேரம், அதில் பாதி செம்மண் சாலை. வேலம்மா காலையில் ஒரு குவளை தண்ணீர் குடித்திருந்தாள். ரவாங்கில் பஸ் நின்றபோது மற்றவர்களோடு பதவிசாக நடந்துபோய்விட்டு, பதவிசாக நடந்து வந்தாள். மவுரீனுக்கும் பத்திரிகை வைத்திருந்தாள். அவள் மண்டபத்தில் மூன்றாம் வரிசையில் நீலச் சேலையில் உட்கார்ந்திருந்தாள்.

மணவறையில் காளியண்ணன் வியர்த்துக் கொட்டிக்கொண்டிருந்தார். பாட்டன், முப்பாட்டன் பெயர்களைச் சொல்ல வேண்டும் என்று ஒரு வாரமாக லோரி ஓட்டும்போதெல்லாம் மனப்பாடம் செய்திருந்தார். மகளின் கையை எடுத்து மாப்பிள்ளையின் கையில் வைத்தார். வேலம்மா கெண்டியைத் தூக்கினாள். தூக்குவதற்கு முன்னால் இறுக்கி, மூச்சை விட்டுக்கொண்டே தூக்கினாள். ஐயர் தலையைத் தூக்கிப் பார்த்து, கொஞ்சம் அதட்டலாக, சொல்லுங்கோ என்றார். முந்நூறு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். காளியண்ணன் நிமிர்ந்து உட்கார்ந்து, தெளிவாக, கணீரென்று சொன்னார்.

"பி ஏ சி நாலு நாலு ஒண்ணு ஏழு."

ஐயர் மந்திரத்தின் வேகத்தில் நாலு நாலு என்பதுவரை திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் நிறுத்தினார்.

வேலம்மாவுக்கு முதலில் வயிறு குலுங்கியது. பல்லைக் கடிக்க அவளுக்கு நேரம் இல்லை. இறுக்கு, அப்புறம் சிரி என்று மவுரீன் சொல்லிக்கொடுத்திருந்ததும் நினைவுக்கு வரவில்லை. ஒன்பது வருடச் சிரிப்பு மொத்தமாகக் கிளம்பி மண்டபக் கூரையில் முட்டியது. கடைசி வரிசையில் இருந்த அப்பளசாமி எழுந்து நின்றுவிட்டார். அவருக்கு யார் என்று பார்க்கத் தேவையிருக்கவில்லை. கெண்டி அவள் கையில் குலுங்கிக் குலுங்கி, பிள்ளைகளின் கைமேலும், தாம்பாளத்திலும், காளியண்ணன் மடியிலும், தன் சேலையிலும் தண்ணீரைக் கொட்டியது. தண்ணீர்ச் சத்தமும் சிரிப்பும் ஒன்றாகக் கேட்டன. திலகம் தலை குனிந்து உட்கார வேண்டிய மணப்பெண் என்பதை மறந்து அம்மாவையே பார்த்தாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று சொல்ல முடியவில்லை.

ஒருவழியாகத் தாலி ஏறியது. வேலம்மா மணவறையிலிருந்து இறங்கி வந்தபோது சந்தனப் பட்டின் முன்பக்கம், இடுப்பிலிருந்து முழங்கால்வரை, நன்றாக நனைந்திருந்தது. மவுரீன் அதைப் பார்த்துவிட்டாள். முகம் மாறி, கைப்பையிலிருந்து ஒரு துண்டை உருவிக்கொண்டு, கூட்டத்தை விலக்கி ஓடிவந்தாள். வேலம்மா துண்டை வாங்கவில்லை. நனைந்த சேலையை இரண்டு கையாலும் விரித்துக் காட்டினாள்.

"கெண்டித் தண்ணி, மிஸ்ஸி. வெறும் கெண்டித் தண்ணி," என்றாள். சொல்லிவிட்டு மறுபடியும் சிரித்தாள். அந்த ஈரச் சேலையோடுதான் சாயங்காலம்வரை மண்டபம் முழுக்கச் சுற்றி வந்தாள்.